நாற்புறமும் தெரியும் உடுப்பு
வடமோடிக் கூத்தின் வேடப்புனைவும் கணினி விளையாட்டின் வேடப்புனைவும்

வாழைச்சேனைப் பகுதியில் வாவி ஆழங்குறைந்து கிடக்கும் இடங்களில் கரப்புக் குத்தி மீன்பிடித்தல் பழைய வழக்கமாகும். மேல்வாய் ஒடுங்கி அடிவாய் அகன்ற அக்கூடை நீருக்குள் ஊன்றப்பட்டதும், அகப்பட்ட மீன் எப்பக்கம் திரும்பினும் தப்பமாட்டாது. கோழியை மூடும் கூடைக்கும் அதே பெயர்தான். மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலே அரசர் வேடத்துக்குரிய உடுப்பும் கரப்புடுப்பு என்றே வழங்கப்படுகின்றது. இடையில் ஒடுங்கி, வளையங்களின் துணையால் கீழ்நோக்கி வட்டமாக விரியும் அவ்வுடுப்புக்கு இதனினும் பொருத்தமான பெயரை எந்த நாடக நூலாரும் இட்டிருக்க முடியாது. அருச்சுனனும் துரியோதனனும் அணியும் அரச உடைக்கு அரண்மனையிலிருந்து பெயர் தேடாது, வாவியிலிருந்தும் வீட்டு முற்றத்திலிருந்தும் பெயர் கொண்டுவந்த மக்கள், தாம் ஆடும் அரசன் எத்தகையவன் என்பதை நன்கு அறிந்திருந்தனர். பகலில் வயலிலும் தோணியிலும் உழைத்தவனே இரவில் அந்த அரசனாக நின்றான்.

மட்டக்களப்புக் கூத்தினை ஆராய்ந்தோர் அதன் பாட்டு, ஆட்டம், தாளக்கட்டு, கதைப்பொருள் ஆகியவற்றை விரிவாக நோக்கியுள்ளனர். உடுப்பினைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒரு பட்டியலோடு நின்றுவிடுதலே வழமை. முடி, மார்புப் பதக்கம், தோளணி, கரப்பு, சதங்கை என்று எண்ணிச் சொல்லிவிட்டு, அவை பழைமையானவை என்றோ அழகானவை என்றோ முடித்துவிடுவர். பழைமையும் அழகும் திறனாய்வுக்கு விடையாகா. ஓர் உடுப்பு யாருடைய கண்ணுக்காக, எத்திசையிலிருந்து, எவ்வொளியில் காணப்படுவதற்காக ஆக்கப்பட்டது என்ற வினாவே முதலில் எழவேண்டியது. இவ்வினாவை இன்று வற்புறுத்தி எழுப்புவது கூத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற வேறொரு கலையாகும் என்பது வியப்புக்குரியது. இளைஞர் பலர் இரவுகளைச் செலவிடும் சாகசக் கணினி விளையாட்டே அது. அதனைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், முன்னொரு காலத்திலே கூத்தினையும் படித்தவர்கள் அவ்வாறே ஒதுக்கினர் என்பது மறத்தற்குரியதன்று.

வடமோடிக் கூத்து ஆடப்பெறும் களரி வட்டமானது. மண்ணை உயர்த்தி அமைத்த அக்களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். தாளம் போடுவோரும் பக்கப்பாட்டுப் பாடுவோரும் கொப்பி பார்ப்போரும் உடன் நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடிவருவர். ஊர்மக்கள் நாற்புறமும் அமர்ந்திருப்பர். இவ்வமைப்பிலே ‘முன்’ என்றும் ‘பின்’ என்றும் நிலையான திசை ஒன்று இல்லை. ஒருவனுக்கு முகம் காட்டும் அரசன் அதே கணத்தில் இன்னொருவனுக்கு முதுகு காட்டுகின்றான். அம்முதுகு வெறுமையாக இருக்குமாயின், களரியின் அரைவாசிப் பேருக்கு அரசன் அக்கணத்தில் இல்லாது போய்விடுவான். கரப்புடுப்பின் சிறப்பு ஈண்டே புலப்படுகின்றது. வட்டமான உடுப்புக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எத்திசையில் நின்று நோக்கினும் அதன் உருவரை ஒன்றே. வட்டக்களரியும் வட்ட உடுப்பும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன.

ஒளியையும் மனங்கொள்ள வேண்டும். மின்விளக்கு வருமுன்னர் பந்தத்தின் ஒளியிலும், பின்னர் பெற்றோல்மாக்ஸ் விளக்கிலும் விடியவிடிய ஆடப்பெற்ற கூத்து இது. அத்தகைய மங்கிய, அசையும் ஒளியில் முகத்தின் நுண்ணிய பாவம் தூரத்தே இருப்பவனை எட்டாது. எட்டுவது பெரிய உருவரை, கண்ணாடித் துண்டில் பட்டுத் தெறிக்கும் மின்னல், முடியின் உயரம், வில்லின் வளைவு. கூத்தர் வரவின்போது வெள்ளை பிடித்து, அதன்பின் வேடத்தை நிறுத்தி, துணி விலகியதும் முழு உருவத்தையும் ஒருங்கே தோன்றச் செய்யும் வழக்கத்தின் பொருளும் இதுவே. வந்தவன் யார் என்பதைப் பாட்டுச் சொல்லுமுன்னரே உடுப்புச் சொல்லிவிட வேண்டும். பகலொளியில் அருகே வைத்துப் பார்த்தால் அந்த முடி முரடாகத் தோன்றலாம். அது அருகே வைத்துப் பார்ப்பதற்குச் செய்யப்பட்டதன்று.

இதே இக்கட்டினைக் கணினி விளையாட்டை ஆக்கியோரும் தொடக்கத்தில் எதிர்கொண்டனர். 1986இல் ஜப்பானிய நிறுவனமான நின்ரெண்டோ வெளியிட்ட ‘செல்டாவின் கதை’ என்ற விளையாட்டிலே லிங்க் என்னும் வீரனின் முழு உருவமும் அகலத்தில் 16, உயரத்தில் 16 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டியிருந்தது. அவ்வளவு சிறிய இடத்தில் கண்ணும் மூக்கும் வரைந்து பயனில்லை. பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, கையில் கேடயம் என்பவற்றாலேயே அவன் அறியப்பட்டான். அவனுக்குப் பாதுகாப்புத் தரும் மோதிரம் கிடைத்தால் சட்டையின் நிறம் மாறும். மோதிரத்தை வரைய இடமில்லாத காரணத்தால், மோதிரத்தின் வலிமை சட்டை முழுவதிலும் ஏறிற்று. வறுமையில் பிறந்த இவ்வுத்தி பின்வந்த பல செழிப்பான உத்திகளிலும் மேலானது. 1996இல் வெளிவந்த ‘ரூம் ரெய்டர்’ விளையாட்டின் லாரா குறொஃப்ட் முப்பரிமாண உருவம். ஆடுவோன் பெரும்பாலும் அவளது முதுகையே காண்கின்றான். ஆகவே அவளது அடையாளங்களும் முதுகுப்புறத்தே அமைந்தன. சிறு முதுகுப்பை, இரு தொடைகளிலும் கைத்துப்பாக்கி. முகத்தைக் காணாமலே அவளை அடையாளங்கண்டவர் உலகெங்கும் பலர்.

2017இல் வெளிவந்த செல்டா விளையாட்டிலே இம்முறை முதிர்ச்சி பெறுகின்றது. லிங்க் ஏந்திய வாளும் கேடயமும் வில்லும் அவன் முதுகிலே தொங்குகின்றன. எதனை எடுத்தான், எதனை இழந்தான் என்பது பட்டியலைத் திறவாமலே தெரியும். பனிமலையில் ஏறுவதற்குக் கதகதப்பான உடுப்பு வேண்டும்; இடிமழையில் உலோக ஆயுதம் தாங்கி நின்றால் மின்னல் அவனைத் தேடிவரும். உடுப்பு இங்கு அலங்காரம் அன்று. அவன் நிற்கும் நிலத்தோடும் வானத்தோடும் அவனுக்குள்ள உறவு அது. ஆடவர் நுழையலாகாத நகரொன்றினுள் அவன் பெண்ணுடை தரித்தே புகவேண்டியுள்ளது என்பதும் ஒரு சுவையான செய்தி. ஆடவரே பெண்வேடம் கட்டிவந்த கூத்துக் களரியில் இருந்தோருக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.

ஆயுதங்களைப் பற்றித் தனியே கூறவேண்டும். வடமோடிக் கூத்துகளிற் பெரும்பாலானவை பாரதப் போரையும் இராமாயணப் போரையும் பொருளாகக் கொண்டவை. வில்லும் அம்பும் வாளும் தண்டாயுதமும் அவற்றில் இன்றியமையாதன. எனினும் களரியில் அம்பு எய்யப்படுவதில்லை. வில் ஆட்டத்தின் ஓர் உறுப்பாக மாறுகின்றது. கூத்தன் திரும்பும்போது வில் ஒரு கோடு கிழிக்கின்றது. தாளம் விரையும்போது அக்கோடு விரைகின்றது. போர் என்பது அவ்வாறே நிகழ்கின்றது. கரப்பும் அவ்வாறே. ஆடுவோன் சுழன்று நின்ற பின்னரும் ஒரு கணம் அது சுழன்று, பின்பே அடங்குகின்றது. அந்த ஒரு கணப் பிந்துதல் ஆட்டத்துக்கு நிறைவு தருகின்றது. உடலின் மேற்பகுதி கனத்து அசையாதிருக்க, கரப்பின் விளிம்புக்குக் கீழே காலும் சதங்கையும் மட்டும் தனித்து விளங்குகின்றன. மிதியின் நுட்பம் முழுவதும் அந்த விளிம்புக்குக் கீழே தெரிகின்றது. வடமோடி உடுப்பு பாரமானது, தென்மோடி உடுப்பு இலகுவானது என்று சொல்லி, தென்மோடியின் நுணுக்கமான ஆட்டத்துக்கு அதுவே காரணம் என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், பாரமும் ஆட்டத்தின் ஒரு கருவியே என்ற மறுபாதி உண்மை அதில் விடுபட்டுப் போகின்றது. போரில் முடியும் கதைக்குப் பாரமான அரசன் வேண்டும்.

உடுப்பு மாறும்போது கதை மாறுகின்றது என்பதற்கு ‘அருச்சுனன் தவநிலை’ என்ற வடமோடிக் கூத்தின் கதை சிறந்த சான்றாகும். பாசுபதம் வேண்டித் தவஞ்செய்யச் செல்லும் அருச்சுனன் அரச கோலத்தை நீக்கித் தவக்கோலம் பூணுகின்றான். அவனைச் சோதிக்க வரும் சிவனோ வேடனாக வருகின்றார். அரசன் தவசியாகவும் கடவுள் வேடனாகவும் வேடம் மாறி எதிரெதிரே நின்று, ஒரு பன்றியின் பொருட்டுச் சண்டையிடுகின்றனர். கதையின் முழுச்சுவையும் அணிந்திருப்பதற்கும் உள்ளிருப்பதற்கும் இடையேயான இந்த வேறுபாட்டில் தங்கியுள்ளது. களரியைச் சூழ இருப்போர் யாவரும் வேடனை அறிவர். அருச்சுனன் மட்டும் அறியான். கர்ணன் கதையிலோ இது துயரமாகின்றது. உடலோடு பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் அவன் அறுத்துக் கொடுக்கின்றான். வீரன் ஒருவன் படைக்கலங்களைச் சேர்த்துச் சேர்த்து வலிமை பெறுதலே சாகச விளையாட்டுகளின் பொது இலக்கணம். அணிந்ததைக் களைவதால் உயரும் வீரனை அவற்றில் அரிதாகவே காணலாம். இவ்விடத்திற் பாரதக்கதை அவற்றைவிட வெகுதூரம் முன்னே நிற்கின்றது.

புனேயிலுள்ள நொடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ என்ற விளையாட்டு இந்தியப் புராண மரபை இத்துறைக்குள் கொண்டுவந்த குறிப்பிடத்தக்க முயற்சியாகும். சர்க்கஸ் ஆடும் பெண்ணொருத்தி அசுரரிடம் அகப்பட்ட தம்பியைத் தேடிச் செல்கின்றாள். துர்க்கையின் திரிசூலம் முதலாகத் தெய்வப் படைக்கலங்கள் ஒவ்வொன்றாக அவளுக்குக் கிட்டுகின்றன. கதையின் இடையிடையே வரும் நிழற்பாவைக் காட்சிகள் கண்ணுக்கு இனியன. ஆனால் விளையாட்டின் பெரும்பகுதியில் அவள் வெகு தூரத்திலிருந்தே காட்டப்படுகின்றாள். பெரிய கோயில்களும் கோட்டைகளும் நிறைந்த அக்காட்சியில் அவளது உடுப்பு ஒரு வண்ணப் புள்ளியாகச் சிறுத்துவிடுகின்றது. தெய்வம் தந்த ஆயுதம் கையிலிருந்தும், அது வந்தவிடத்து அவளது தோற்றம் முழுவதும் மாறிற்று என்ற உணர்வு எழவில்லை. மோதிரத்துக்காகச் சட்டையின் நிறத்தையே மாற்றிய 1986ஆம் ஆண்டின் எளிய உத்தி இங்கு நினைவுக்கு வருகின்றது.

இதற்கு மாறான ஒரு வழக்கமும் விளையாட்டுலகில் வேரூன்றியுள்ளது. ‘வேர்ல்ட் ஒஃப் வார்கிறாஃப்ட்’ என்ற பெருவிளையாட்டிலே 2011இல் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. அதன்படி, ஆடுவோன் வலிமைமிக்க கவசத்தின் பயனை வைத்துக்கொண்டே, தோற்றத்தில் தான் விரும்பிய வேறொரு கவசத்தைக் காட்டலாம். பலரும் அதனை விரும்பி ஏற்றனர். ஒன்றுக்கொன்று ஒவ்வாத கவசத் துண்டுகளை வலிமைக்காக மட்டும் பூட்டிக்கொண்டு கோமாளிபோல் நிற்க நேர்ந்தவர்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. எனினும் அக்கணமே உடுப்பு இரண்டாகப் பிளந்தது. வேலை செய்வது ஒன்று, தெரிவது வேறொன்று. எதிரே நிற்பவனைப் பார்த்து அவன் யார், அவனது ஆற்றல் எத்தகையது என அறிய முடியாத நிலை உண்டாயிற்று. உடுப்பு பேசுதலை நிறுத்திவிட்டு வெறுமனே மின்னத் தொடங்கிற்று.

இப்பிளவு கூத்திலும் நிகழ்ந்துள்ளது. அதற்கு யாரையும் தனித்துக் குற்றங்கூற இயலாது. பேராதனையிலே சு. வித்தியானந்தன் கூத்தினை நவீன அரங்குக்குக் கொண்டுவந்து ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) ஆகியவற்றைத் தயாரித்தளித்தமை ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றில் ஒரு திருப்பமாகும். கிராமத்தாரின் ஆட்டம் என்று இகழப்பட்டது பல்கலைக்கழக மேடையில் மதிப்புப் பெற்றது. சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’ இராவணனை அவலத் தலைவனாகக் கண்ட முறையினால் இன்றும் பேசப்படுகின்றது. அம்முயற்சிகள் இல்லாதிருந்தால் இன்று கூத்தினைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் எவரும் கட்டுரை எழுதப்போவதில்லை. ஆயினும், விடியவிடிய ஆடப்பெற்றது சுருங்கியது; வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. இரண்டாவது மாற்றத்தின் விளைவு போதிய அளவு ஆராயப்படவில்லை. படச்சட்ட மேடையில் கூத்தனுக்கு முன் என ஒரு திசை உண்டாயிற்று. முதுகு பயனற்றதாயிற்று. திசை உண்டானவிடத்து வட்ட உடுப்பு தன் காரணத்தை இழந்தது. அது ‘மரபு’ என்ற பெயரில் தங்கியது. தேவை என்ற வகையில் தங்கவில்லை. முகபாவம் மேலோங்கியது, ஒளியமைப்பு வந்தது, உருவரையின் வேலையை விளக்கு மேற்கொண்டது. அவலத் தலைவனைக் காட்டுதற்கு இது நன்றே உதவிற்று என்பதையும் மறுத்தற்கில்லை. அவலம் முகத்தில் நிகழ்வது. போர் களரி முழுவதிலும் நிகழ்வது.

மேடைக்கு வந்த கூத்து அங்கிருந்து பள்ளிப் போட்டிகளுக்குச் சென்றது. குறித்த நிமிடங்களுக்குள் முடிக்கவேண்டிய ஆட்டம், ஒரே பக்கத்தில் அமர்ந்திருக்கும் நடுவர், வாடகைக்கு எடுத்த பளபளப்பான சற்றின் உடுப்பு என்பன இப்போட்டிகளில் எளிதாகக் காணத்தக்கவை. இப்போது கைபேசியின் கண்ணும் சேர்ந்துகொண்டது. அதுவும் ஒரே பக்கத்தில் நிற்பது. மார்பு முழுவதும் சரிகை ஒளிர, பின்புறத்தில் நாடாவும் ஊசியும் தெரியும் அரசர்கள் இதன் விளைவு. கோறளைப்பற்றில் 1950களிலே கடதாசி ஆலை எழுந்த ஊரில், மட்டையை வெட்டி முடி செய்தல் இழுக்கன்று. மட்டையாற் செய்த முடியும் நாற்புறமும் செய்யப்பட்டிருந்தால் அது முடியே. முன்புறம் மட்டும் செய்யப்பட்ட முடி, பொன்னாற் செய்யப்பட்டிருப்பினும் படமே. பொருளின் மலிவு அன்று இங்குள்ள குறை. பார்வையாளனில் அரைவாசிப் பேரை மறந்தமையே குறை.

இதற்கு மறுப்பும் உண்டு. பாரமான உடுப்பினால் ஆடுவோர் களைத்தனர் என்பதும், சிறுவர்க்கும் இன்று களரிக்கு வரும் பெண்களுக்கும் அது பொருந்தாது என்பதும், செலவு மிகுதி என்பதும் கவனிக்கத்தக்கன. பாரத்தைக் குறைப்பதில் தவறில்லை. தென்மோடி முன்னரே காட்டிய வழி அது. குறைக்கும்போது எதனைக் காக்கவேண்டும் என்பதே வினா. வளையத்தை நீக்கித் துணியை மட்டும் விட்டால், சுழற்சிக்குப் பின் வரும் அந்த ஒரு கண அசைவு போய்விடும். வளையத்தை இலேசான பொருளாற் செய்துகொண்டால் பாரம் குறையும், அசைவு நிற்கும். மட்டக்களப்பு நகரையடுத்த சீலாமுனையிலே சி. ஜெயசங்கரும் ஊர்க் கூத்தரும் 2000ஆம் ஆண்டுக்குப் பின் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சி, கூத்தினை மேடைக்கு எடுத்துச் செல்லாது ஊர்க்களரியிலே வைத்து, ஊராரோடு கலந்து மாற்றவேண்டும் என்று வற்புறுத்திற்று. உடுப்புப் பற்றிய முடிவுகளும் அங்ஙனம் களரியில் நின்றே எடுக்கப்படின், முதுகினை மறக்கும் பிழை நேராது. பின்னால் இருப்பவன் பேசுவான்.

அரங்கேற்றம் முடிந்தபின் கூத்தர் வேடத்தோடு வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கம் ஒன்று உண்டு. இரவில் எட்டாத் தொலைவில் மின்னிய அரசன் பகலிலே முற்றத்தில் வந்து நிற்கின்றான். புதிய உடுப்பொன்று கிடைத்ததும் கணினி விளையாட்டில் இளைஞர் முதலிற் செய்வது, வீரனைச் சுழற்றிச் சுழற்றி அவனது பின்புறம் எப்படியிருக்கின்றது என்று பார்ப்பதே. முற்றத்துச் சிறுவர்க்கு அரசனைச் சுழற்றும் வசதி இல்லை. அவர்கள் தாமே அவனைச் சுற்றி ஓடிவந்து, கரப்பின் வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகி நிற்கின்றனர்.